பூனைமேல் விழுந்த நிழல்

என் மாமனார் வேதகிரிக்கு மனிதர்களைவிட மற்ற ஜீவன்களோடுதான் சகவாசம் அதிகம். வீட்டுக்கு நாலு பேர் வந்து உட்கார்ந்து பேச ஆரம்பித்தால் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்ப்பார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மாட்டுக் கொட்டகைப் பக்கம் நழுவிவிடுவார். நான் பெண் பார்க்கப் போன அன்றைக்கும் அதுதான் நடந்தது. என் அப்பா சீர் செனத்தி பற்றிப் பேச வாயைத் திறந்தபோது பெண்ணைப் பெற்றவரைக் காணோம். கூரையிலிருந்து விழுந்த அணில் குட்டிக்குப் பின்கட்டில் உட்கார்ந்து பஞ்சில் பால் நனைத்துப் புகட்டிக்கொண்டிருந்தார். "மனுஷன் நல்லவன்தான், ஆனா கொஞ்சம் ஒரு மாதிரி" என்று அப்பா திரும்பி வரும்போது பஸ்ஸில் சொன்னார். அந்த ஒரு மாதிரி எனக்குப் பிடித்திருந்தது. அவரைப் பற்றி நல்லதை மட்டும் சொல்லி முடித்துக்கொள்ள எனக்கு ஆசைதான். அதற்கு அவரே ஒப்புக்கொள்ள மாட்டார்.

உத்திரமேரூர் தாலுகாவில், பெருநகருக்குப் பக்கத்தில், செய்யாற்றை ஒட்டிய சின்ன ஊர் அவருடையது. கொஞ்சம் நிலம், ஒரு கிணறு, கிணற்றில் கரண்ட் மோட்டார். மனைவி சொக்கம்மாள், ஒரே பெண் சுலோச்சனா. இவர்களோடு ஒரு பூனை. அடுப்பு அணைந்ததும் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டு, காலையில் சாம்பல் பூசிய சாமியார் மாதிரி எழுந்து வரும். அதனால் அதற்குச் சாம்பலு என்று பெயர். சுலோச்சனா வைத்த பெயர்தான். குட்டியாக இருந்தபோது மழையில் நனைந்து கிடந்ததைப் பாவாடையில் சுருட்டி எடுத்து வந்தவளும் அவள்தான்.

கல்யாணம் முடிந்து புகுந்த வீட்டுக்குக் கிளம்பும்போது அவள் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுததைவிட அந்தப் பூனையை மடியில் வைத்து அழுததுதான் அதிகம். எனக்கு எரிச்சல். "பேசாம பூனையையும் சீர்வரிசையில சேத்துக்கலாமா?" என்று கேட்டுவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். மாமனார் மட்டும் நிஜமாகவே யோசித்தார். "பட்டணத்துல அதுக்கு எலி கெடைக்குமா மாப்ள?" என்று கேட்டார்.

எழுபத்தொன்பதில் சுலோச்சனா உண்டானாள். ஏழாம் மாசம் வளைகாப்பு முடித்துத் தலைப் பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் ஃபிட்டராக இருந்த எனக்கு லீவு சுலபமாகக் கிடைக்காது. பிள்ளை பிறந்ததும் உடனே ஒரு போட்டோ எடுத்துவிட வேண்டும் என்று எனக்குப் பேராசை. என்னிடம் கிளிக் த்ரீ கேமரா ஒன்று இருந்தது. புது ரோல் போட்டு மாமனாரிடம் கொடுத்தேன். ஒரு ரோலில் பன்னிரண்டு படம் விழும், பின்னால் சிவப்புக் கண்ணாடியில் நம்பர் தெரியும், திருகிக்கொண்டே போக வேண்டும். பக்கத்தில் நின்று எடுக்க முன்னால் மாட்டிக்கொள்ளும் கண்ணாடி வில்லையும் கொடுத்தேன். "ஒண்ணே ஒண்ணு மறந்துடாதீங்க மாமா. சூரியன் எப்பவும் உங்க முதுகுல அடிக்கணும்" என்றேன்.

குரங்கு கையில் பூமாலையைக் கொடுத்துவிட்டு நான் நிம்மதியாக அம்பத்தூருக்குப் பஸ் ஏறினேன்.

பிள்ளை பிறக்கும்வரை கேமரா சும்மா கிடப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. ஒன்றுதான் என்று ஆரம்பித்தார். பொங்கலுக்குக் கொம்பில் பூசிய வர்ணம் இன்னும் போகாத காளை. வேலி ஓணான். குஞ்சுகளோடு கோழி. தோட்டத்தில் குறுக்கே ஓடிய கீரிக்காக ஒரு மத்தியானம் முழுக்கக் காத்திருந்து கடைசியில் அதன் வால் நுனியை மட்டும் பிடித்தார். சொக்கம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "கொயந்தைக்குன்னு குடுத்தத ஓணானுக்குச் செலவு பண்ணினு கீறாரு, இவர இன்னா பண்றது?" என்று ஊரெல்லாம் சொன்னாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "இன்னும் நெறைய கீது" என்பார்.

இதெல்லாம் நடந்தபோது நான் அங்கே இல்லை. அவர் வாயாலேயே பிறகு சொன்னதைத்தான் சொல்கிறேன்.

பங்குனியில், கிணற்றடி எலுமிச்சைச் செடியில் ஒரு தையல்சிட்டு இரண்டு மூன்று இலைகளைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டியது. சொக்கம்மாளுக்குக் கால் தரையில் பாவவில்லை. வயிற்றுப் பிள்ளைக்காரி இருக்கிற வீட்டில் குருவி கூடு கட்டினால் சுகப்பிரசவம் என்று அங்கே ஒரு நம்பிக்கை. அதே கூடு கலைந்தால் கர்ப்பத்துக்கு ஆகாது. "எவனும் அந்தச் செடிகிட்ட போவக் கூடாது, எலுமிச்சம்பயம்கூடப் பறிக்கக் கூடாது" என்று சட்டம் போட்டாள். குஞ்சு பொரித்துக் கீச்சுக் கீச்சென்று சத்தம் வர ஆரம்பித்ததும் சுலோச்சனா காலையில் எழுந்து முதல் வேலையாகக் கிணற்றடிக்குப் போய் நிற்பாள். ஒரு கிளை கூட்டின் வாயை மறைத்துக்கொண்டிருந்தது. அந்த வயிற்றோடு அவளால் குனிந்து எட்டிப் பார்க்க முடியவில்லை.

"எப்பிடி கீது நைனா குஞ்சு?" என்று அப்பாவைக் கேட்பாள்.

"தோலு மட்டுந்தான் கீது. வாயத் தொறந்தா தலையே வாயாட்டம் கீது" என்பார் அவர்.

"எனக்கும் பாக்கணும்னு ஆசையா கீது."

அவ்வளவுதான், அவருக்கு வேறு என்ன வேண்டும்? சொக்கம்மாள் ரேஷன் கடைக்குப் போயிருந்த ஒரு பிற்பகல், சுலோச்சனா உள்ளே தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில், கேமராவோடு கிணற்றடிக்குப் போனார். வெளிச்சம் கூட்டுக்குள் விழவில்லை. கிளையை ஒடிக்க மனசு வரவில்லை. அவர் ஒடிக்கிறவர் அல்ல. காய்ந்த வாழைநார் ஒன்றை எடுத்து, வாயை மறைத்த கிளையை மெதுவாகப் பின்னுக்கு இழுத்துப் பக்கத்துக் குச்சியோடு கட்டினார். கூடு திறந்துகொண்டது. வில்லையை மாட்டி, சூரியனை முதுகில் வாங்கிக்கொண்டு, ஒரு படம் எடுத்தார். எடுத்துவிட்டு நாரை அவிழ்க்கக் கையை நீட்டினார்.

அந்த நேரம் பார்த்து மோட்டார் கொட்டகையில் சிவப்பு பல்பு எரிந்தது. கரண்ட் வந்துவிட்டது.

இன்றைக்கு இருக்கிறவர்களுக்கு இது விளங்காது. அப்போதெல்லாம் கிணற்று மோட்டாருக்கு எப்போது கரண்ட் வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. பல்பு எரிந்தால் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவன் கையைக்கூடக் கழுவாமல் ஓடுவான். நவரை நெல் பால் பிடிக்கிற சமயம், வயல் வெடித்துக் கிடந்தது. அவரும் ஓடினார். ஸ்விட்சைப் போட்டு, தண்ணீர் விழுந்து, வாய்க்காலில் ஒரு இடத்தில் எலிவளை பிடுங்கிக்கொண்டு மடை உடைந்து, அதை மண் போட்டு அடைத்து, கடைசிப் பாத்தி நனையும்போது இருட்டிவிட்டது. வீட்டுக்கு வந்து சோற்றைத் தின்றுவிட்டுப் படுத்தவர்தான். நார் நினைவுக்கே வரவில்லை.

விடிந்ததும் பல் துலக்கக் கிணற்றடிப் பக்கம் வந்தார். கொட்டகைச் சுவரில் ஒரு செம்போத்து உட்கார்ந்திருந்தது. செம்போத்து கண்ணில் பட்டால் நல்ல சகுனம் என்பது அவருக்கு மட்டுமல்ல, அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். பெண்ணுக்கு நாள் நெருங்கிக்கொண்டிருக்கிற நேரத்தில், விடிந்தும் விடியாததுமாகச் செம்போத்து! உள்ளே ஓடிப்போய்க் கேமராவை எடுத்து வந்து, அது பறப்பதற்குள் ஒரு படம் பிடித்துவிட்டார். சந்தோஷத்தில் கும்பிடுகூடப் போட்டாராம். அது எழும்பிப் பறந்தபோதுதான் அதன் அலகில் ஏதோ தொங்குவதைப் பார்த்தார்.

எலுமிச்சைச் செடியில் தாய்க்குருவியும் தகப்பன் குருவியும் கத்திக்கொண்டு மேலும் கீழும் பறந்தன. நார் கட்டியது கட்டியபடி இருந்தது. கூடு வாயைப் பிளந்துகொண்டு வெறுமனே கிடந்தது.

அவர் நாரை அவிழ்த்தார். கிளை தன் இடத்துக்குப் போய்க் கூட்டை மூடிக்கொண்டது, ஒன்றுமே நடக்காத மாதிரி. குருவிகளின் கூச்சல் கேட்டு முதலில் வந்தது சாம்பலுதான். செடிக்குக் கீழே உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தது. அடுத்து வந்தவள் சொக்கம்மாள். கிளையை விலக்கிக் கூட்டைப் பார்த்தாள், பூனையைப் பார்த்தாள். வழக்கு அங்கேயே முடிந்தது.

"அடி சண்டாளி! தின்ன வூட்டுக்கே உல வெச்சிட்டியேடி!" என்று துடைப்பத்தைத் தூக்கி எறிந்தாள்.

சுலோச்சனா இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். அம்மா சொன்னதைக் கேட்டு அவள் கை தானாக வயிற்றுக்குப் போனது. என் மாமனார் சொல்ல வாயெடுத்தார். அந்தக் கையைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். கூட்டைக் கலைத்தது வீட்டுத் தலைவன் என்றால் அந்தப் பாவம் யார் தலையில் விடியும்? நேராகப் பெண்ணின் வயிற்றில்தானே. நாரைச் சுருட்டி இடுப்பு வேட்டியில் செருகிக்கொண்டார்.

சொக்கம்மாளும் அதே கணக்கைத்தான் வேறு விதமாகப் போட்டாள். "பாவத்தப் பண்ணது பூனை. பாவத்தோட அதுவும் ஆத்துக்கு அந்தாண்ட போவட்டும். கொயந்த பொறக்கச் சொல்ல இது இந்த வூட்ல இருக்கக் கூடாது." திருட்டுப் பூனையைச் சாக்கில் கட்டி ஆற்றுக்கு அக்கரையில் விட்டுவிடுவது அந்த ஊர் வழக்கம். பூனையைக் கொன்றால் ஏழு ஜென்மத்துக்கும் பாவம். ஆற்றைத் தாண்டி விட்டுவிட்டால் பாவமும் இல்லை, பூனையும் இல்லை.

"முள்ளுச் செடியில பூனை எப்பிடிம்மா ஏறும்?" என்று கேட்டாள் சுலோச்சனா. "ஒல்லிக் குச்சி. அது வெயிட்ட தாங்குமா?"

"ருசி கண்ட பூனைக்கு முள்ளு இன்னா, மோடு இன்னா?"

சுலோச்சனா அப்பா பக்கம் திரும்பினாள். சின்ன வயதிலிருந்து அவளுக்கு ஒரு பழக்கம். அம்மாவோடு எந்தச் சண்டை வந்தாலும் கடைசியில் அப்பாவிடம்தான் தீர்ப்புக்குப் போவாள். மாடு, ஆடு, பூனை விஷயம் என்றால் அவர் சொல்வதுதான் முடிவு.

"நீ சொல்லு நைனா. நம்ம சாம்பலு ஏறுமா?"

அவர் மோட்டார் கொட்டகையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "ஏறாம பின்ன எப்பிடிப் போவும்?"

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். என் மாமனார் ஜென்மத்தில் சொன்ன பொய்களை ஒரு கைவிரலில் எண்ணிவிடலாம், அதில் இதுதான் பெரியது. சுலோச்சனா அதற்குமேல் வாதாடவில்லை. நைனா சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

கூலிக்கு வரும் எல்லப்பனிடம் சாக்கைக் கொடுத்துவிடலாம் என்றாள் சொக்கம்மாள். அவர் கேட்கவில்லை, தானே போகிறேன் என்றார். இடுப்பில் நாலு கருவாட்டுத் துண்டு, கழுத்தில் கேமரா. சைக்கிள் கேரியரில் சாக்கு. வழியெல்லாம் பூனை கத்தவில்லை. அதுதான் தாங்கவில்லை என்று பிறகு என்னிடம் சொன்னார். கத்தியிருந்தால் கோபமாவது வந்திருக்கும்.

செய்யாறு வறண்டு மணலாகக் கிடந்தது. நடுவில் மட்டும் கணுக்கால் அளவுக்கு ஒரு ஓட்டம். அதைத் தாண்டி அக்கரை மணலில் சாக்கை அவிழ்த்தார். அவிழ்த்ததும் ஓடிவிடும் என்று நினைத்தார். சாம்பலு வெளியே வந்து உடம்பை நீட்டி முறித்து, அவர் காலில் தலையைத் தேய்த்தது. கருவாட்டைப் போட்டார். முகர்ந்துவிட்டு உட்கார்ந்துகொண்டு அவரையே பார்த்தது. மகள் பார்ப்பதற்கு ஒரு படமாவது இருக்கட்டும் என்று நினைத்தாரோ, வேறு எதற்காவது நினைத்தாரோ, கேமராவைத் தூக்கினார். சிவப்புக் கண்ணாடியில் பன்னிரண்டு தெரிந்தது. கடைசிப் படம், பேரப் பிள்ளைக்கென்று பத்திரமாக வைத்திருந்தது. எடுத்துவிட்டார்.

அப்புறம் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். தண்ணீர் ஓட்டம் வரைக்கும் பின்னாலேயே வந்தது. அவர் இறங்கித் தாண்டிவிட்டார், அது ஓரத்திலேயே நின்றுவிட்டது. அப்போதுதான் கத்த ஆரம்பித்தது. இக்கரையில் சைக்கிளை எடுக்கும்போதும் கேட்டதாம்.

சித்திரையில் பையன் பிறந்தான், சுகப்பிரசவம். தந்தி கிடைத்து நான் ஓடினேன். "பாத்தியா, பூனையோட பாவமும் போச்சு" என்று சொக்கம்மாள் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொன்னாள். சுலோச்சனா பிள்ளையைப் பார்த்துச் சிரித்தாள், அடுப்பு மூலையைப் பார்க்கும்போது அழுதாள். மாமனாரைத்தான் எனக்குப் புரியவில்லை. பேரனைத் தூக்கவே இல்லை. எட்ட நின்று பார்ப்பார், யாராவது "தூக்கேன்யா" என்றால் "கையி அழுக்கா கீது" என்பார். அன்றைக்கெல்லாம் அவர் கை அழுக்காகவே இருந்தது.

"கொயந்தைய போட்டோ புடிச்சீங்களா மாமா?" என்றேன்.

"ரோலு தீந்துபோச்சு மாப்ள."

"தீந்துபோச்சா? எத எடுத்தீங்க?"

"அதான்... மாடு, கோயி" என்று இழுத்தார்.

எனக்கு வந்த கோபத்துக்கு மாமனார் என்றும் பார்த்திருக்க மாட்டேன், மாமியார் பிள்ளையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்திராவிட்டால். ரோலைக் கொடுங்கள், கழுவிக்கொண்டு வருகிறேன் என்றேன். எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை என்றார். ஒரு பிற்பகல் முழுக்கத் தேடுகிற மாதிரி நடித்தார். கடைசியில் நெல் மூட்டைக்குப் பின்னால் இருந்த கேமராவை நானே எடுத்தேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை. கஞ்சத்தனம் என்று நினைத்தேன்.

முப்பதாம் நாள் பெயர் வைக்கப் போனபோது படங்களைக் கொண்டுபோனேன். எல்லாம் போஸ்ட்கார்டு சைஸில் பெரிதாக்கியிருந்தது. விருந்து முடிந்து வெளியாட்கள் போனபின் கூடத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். சிரிப்பு தாங்கவில்லை. கேமரா ஆடியதில் காளைக்கு இரண்டு தலை. கோழிக்குத் தலையே இல்லை. எல்லாப் படத்திலும் கீழே ஒரு தலைப்பாகை நிழல். சூரியன் முதுகில் அடிக்க வேண்டும் என்று நான் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டவர், நிழல் முன்னால் விழும் என்பதை யோசிக்கவே இல்லை. "மாமா, எல்லாத்துலயும் நீங்கதான் கீறீங்க" என்றேன். அவர் சிரிக்கவில்லை. வாசற்படி ஓரமாக உட்கார்ந்து மேல்துண்டு நுனியை முறுக்கிக்கொண்டிருந்தார்.

கூட்டுப் படம் வந்தது. இலைகளுக்கு நடுவில் வெள்ளைக் கோடாக நார் தெரிந்தது. யாரும் கவனிக்கவில்லை. "ஐயோ, வாயப் பாரேன்" என்று சொக்கம்மாள் குஞ்சுகளுக்காக உச்சுக்கொட்டினாள். அடுத்தது செம்போத்து. அதன் அலகில் சின்னதாக ஏதோ தொங்கியது, அதையும் யாரும் பார்க்கவில்லை. அவள் படத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "கொயந்த நல்லபடியா பொறக்கப் போவுதுன்னு அன்னிக்கே காட்டியிருக்குது பாரு!" மனிதர் தப்பித்துவிட்டார். அந்த இரண்டு படத்தையும் அருகருகே வைத்துப் பார்க்கிற ஆள் அந்த வீட்டில் யாரும் இல்லை.

கடைசிப் படத்தைச் சுலோச்சனாவிடம் கொடுத்தேன். மணலில் சாம்பலு உட்கார்ந்து நேராகப் பார்க்கிறது. படம் எடுத்தவரின் நிழல் மணலில் நீளமாகப் போய், தலைப்பாகை மட்டும் அதன் மேல் விழுந்திருக்கிறது. சுலோச்சனா வெகுநேரம் அதையே பார்த்தாள். மடியில் பிள்ளை பால் குடித்துக்கொண்டிருந்தது.

"அம்மா, இதோட வயித்தப் பாரு" என்றாள்.

"இன்னா வயிறு?"

"செனையா கீது. நல்லா பாரு, பக்கமெல்லாம் பொடைச்சுக்கினு. நானும் அப்ப நெறமாசம். என் பக்கத்துலயே படுத்துக்கினு இருந்துச்சு, நானே பாக்கல." படத்தை அம்மா பக்கம் நீட்டினாள். "வயித்துப் புள்ளக்காரி கீற வூட்லருந்து ஒரு வயித்துப் புள்ளக்காரியத் தொரத்தியிருக்கோம்."

அப்போது வாசற்படியிலிருந்து மாமனார் எழுந்து வந்தார். கீழே கிடந்த படங்களில் கூட்டையும் செம்போத்தையும் தேடி எடுத்து மகள் முன்னால் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். நாரின் மேல் விரலை வைத்தார்.

"இது நான் கட்னதும்மா. அவுக்கச் சொல்ல கரண்ட் வந்துடுச்சு, ஓடிட்டேன். தூக்கினு போனது இது. வாயில பாரு. பூனை ஒண்ணும் பண்ணல." பிறகு எங்கே ஆரம்பித்து எங்கே முடிக்கிறோம் என்று தெரியாமல் எல்லாவற்றையும் கொட்டினார். "ஒனக்கும் ஒன் வயித்துக்கும் எதுனா ஆயிடப் போவுதுன்னுதாம்மா சொல்லல" என்று முடித்தார்.

சொக்கம்மாள் வாயில் அடித்துக்கொண்டு அழுதாள். சுலோச்சனா அழவில்லை, கத்தவும் இல்லை. "உன்னத்தானே நைனா கேட்டேன்" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். அதற்கு அவள் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம் என்று எனக்கே தோன்றியது.

மறுநாள் காலையில் அவர் அக்கரைக்குக் கிளம்பினார். நானும் கூடப் போனேன். மணலெல்லாம் "சாம்பலு, சாம்பலு" என்று கூப்பிட்டுக்கொண்டே நடந்தார். வெள்ளரிக் காவலுக்கு இருந்தவர்கள் எங்களைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். கரையேறியதும் ஒரு பனைஓலைக் குடிசை. கூலி வேலை செய்யும் அருள்தாஸ் வீடு. அவர் மனைவி மேரி முறத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். கேட்டதும் எங்களை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீதானா அது? ஆத்துல உட்டுட்டுப் போன ஆளு? மூணு நாளு தண்ணி ஓரமா குந்திக்கினு அந்தக் கரையவே பாத்துக் கத்திக்கினு இருந்துச்சுய்யா. செனப் பூனைய உட்டுட்டுப் போறியே, உனக்கெல்லாம் பொண்ணு புள்ள இல்ல?"

"கீது" என்றார் என் மாமனார்.

உள்ளே ஒரு ஓட்டைக் கூடையில் பழைய துணி மேல் சாம்பலு குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தது. அவர் வாசலில் மண்டியிட்டு மெதுவாகக் கூப்பிட்டார். அது தலையைத் தூக்கிப் பார்த்தது. அடையாளம் தெரிந்தது, அதில் சந்தேகமில்லை. எழுந்து, ஒரு குட்டியின் பிடரியைக் கவ்வித் தூக்கிக்கொண்டு மேரியின் கட்டிலுக்கு அடியில் போனது. திரும்பி வந்து அடுத்ததை எடுத்துப் போனது. எல்லாக் குட்டிகளும் போகும்வரை அவர் அப்படியே மண்டியிட்டிருந்தார். மேரி பூனையைத் தர முடியாது என்று சொல்லத் தயாராக நின்றாள், அவர் கேட்கவே இல்லை. கொண்டு போயிருந்த கருவாட்டுப் பொட்டலத்தை வாசலில் வைத்துவிட்டு எழுந்தார்.

வீட்டுக்கு வந்ததும் மகளிடம் சொன்னார். "நல்லா கீதும்மா. குட்டி போட்டுக் கீது."

"உன்கிட்ட வந்துச்சா?"

"இல்லம்மா. என்னப் பாத்துட்டு குட்டிங்களத் தூக்கினு போயி ஒளிச்சு வெச்சிக்கிச்சு."

இந்த முறை பொய் சொல்லவில்லை. சுலோச்சனா பிள்ளையை எடுத்து அவர் மடியில் வைத்தாள். அவர் கையை ஊன்றிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். பிள்ளையைத் தானாகக் கை நீட்டி வாங்கியதே இல்லை, என் மகன் வளர்ந்து அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்குகிற வயது வரைக்கும்.

கேமராவைத் துணியில் சுற்றி என்னிடமே கொடுத்துவிட்டார். அந்தக் கடைசிப் படத்தை மட்டும் கேட்டு வாங்கி, உத்திரமேரூர் பஜாரில் சட்டம் போட்டு, கூடத்தில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டினார். ஊரே சிரித்தது. "இன்னாய்யா, வூட்ல பூனை போட்டோவ மாட்டி வெச்சிருக்கிற?" என்று வருகிறவர்கள் கேட்பார்கள். "பூனையப் பாக்காத. கீய நெழலு கீது பாரு, அது நான்" என்பார். வேறு யார் அவரைப் படம் எடுக்க வந்தாலும் விடமாட்டார். சொந்தத்தில் ஒரு கல்யாணத்தில்கூட போட்டோக்காரர் கூப்பிட்டபோது "என் போட்டோ ஒண்ணு வூட்ல கீது, போதும்" என்று பந்தியைப் பார்க்கப் போய்விட்டார்.

சுலோச்சனா அவரிடம் நன்றாகத்தான் இருந்தாள். சோறு போட்டாள், மருந்து வாங்கிக் கொடுத்தாள், தீபாவளிக்கு வேட்டி எடுத்து வந்தாள். ஆனால் அதற்குப் பிறகு ஒரு விஷயத்துக்கும் "நீ சொல்லு நைனா" என்று அவர் பக்கம் திரும்பியதில்லை. அம்மாவோடு சண்டை வந்தால் என்னைப் பார்ப்பாள், இல்லையென்றால் தானே முடித்துக்கொள்வாள். இதை நான் கவனித்தது ரொம்பப் பிறகு. அவர் முதல் நாளே கவனித்திருப்பார். அப்படிப்பட்ட நேரங்களில் தலையைத் தூக்கிக் கொஞ்சம் காத்திருப்பார், பிறகு கொட்டகைப் பக்கம் போய்விடுவார்.

எண்பத்தேழில், கரண்ட் வந்ததென்று வரப்பில் ஓடியவர் மாரைப் பிடித்துக்கொண்டு மோட்டார் கொட்டகை வாசலில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. பிணத்தை நாற்காலியில் உட்கார வைத்துப் படம் எடுத்துக்கொள்வது அந்தப் பக்கத்து வழக்கம், பஜாரிலிருந்து போட்டோக்காரரை அழைத்து வரவா என்று கேட்டார்கள். "வாணாம், எங்க நைனாவுக்குப் புடிக்காது" என்று சுலோச்சனா சொல்லிவிட்டாள்.

காரியத்தன்று படையலுக்கு முன்னால் வைக்க அவர் படம் வேண்டும். வீடு முழுக்கத் தேடியும் ஒன்றும் இல்லை. சொக்கம்மாள் சுவரைக் காட்டினாள். அதை இறக்கி, துடைத்து, பலகையில் வைத்துப் பூ போட்டோம். பங்காளிகள் முகத்தைச் சுளித்தார்கள். சந்தனமும் குங்குமமும் எடுத்துக்கொண்டு சுலோச்சனா படத்துக்கு முன்னால் மண்டியிட்டாள். பொட்டு வைக்க அதில் முகம் இல்லை. விரல் கொஞ்ச நேரம் அந்தரத்திலேயே நின்றது.

"நீ சொல்லு நைனா, எங்க வெக்கட்டும்?" என்று கேட்டாள்.

ஏழு வருஷத்துக்குப் பிறகு அவரிடம் அவள் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. பிறகு பூனையின் மேல் படாமல், நிழலின் தலைப்பாகைக்குக் கீழே, நெற்றி இருக்க வேண்டிய இடத்தில் பொட்டை வைத்தாள்.